சாட்பாட் கைவிரித்த பிறகு வரும் போன் கால்: வாடிக்கையாளர் சேவையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு

கஸ்டமர் சப்போர்ட்டில் பத்து வருடம் முன்பு சேர்ந்தவர்களுக்கு இருந்த ஒரு வசதி இப்போது சேர்கிறவர்களுக்கு இல்லை. அப்போதெல்லாம் முதல் சில மாதங்களுக்குச் சுலபமான கால்கள்தான் அதிகம் வரும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பில் எவ்வளவு, பார்சல் எப்போது வரும். அதைப் பேசிப் பேசியே பயம் தெளிந்துவிடும். இன்றைக்கு அந்தக் கேள்விகளையெல்லாம் சாட்பாட் பார்த்துக்கொள்கிறது. உங்கள் ஹெட்செட்டுக்கு வந்து சேர்கிறவர், சாட்பாட்டில் ஒரே விஷயத்தை மூன்று தடவை டைப் செய்து, ஐ.வி.ஆர். என்கிற பதிவுக்குரல் மெனுவில் எண்களை அமுக்கி அமுக்கி, ஹோல்ட் மியூசிக்கைக் கேட்டுச் சலித்துப்போன ஆள். முதல் நாளே கஷ்டமான கால்தான்.

அதனால் ‘கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, வேலை நிலைக்குமா’ என்ற கவலையை ஓரமாக வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் விட்டுவைத்த வேலையைச் செய்யக் கற்றுக்கொள்வதுதான் இப்போதைய அவசரம். வங்கி, டெலிகாம், ஆன்லைன் கடை, இன்ஷூரன்ஸ் என்று எந்த ப்ராசஸில் (வேலைப் பிரிவில்) சேர்ந்தாலும், வாய்ஸ் ஆனாலும் சாட் ஆனாலும், கீழே சொல்லியிருப்பது பொருந்தும்.

கம்ப்யூட்டர் எதில் கெட்டி என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்

இதில் வீராப்பு உதவாது. சுவீடனைச் சேர்ந்த கிளார்னா என்ற தவணைக் கடன் நிறுவனம் 2024 பிப்ரவரியில் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன் ஏ.ஐ. உதவியாளர் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டதாம். வந்த சாட்களில் மூன்றில் இரண்டு பங்கு அது. 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்றும் சொன்னார்கள். கம்பெனி தன்னைப் பற்றித் தானே சொன்ன கணக்குதான். ஆனாலும் ஆர்டர் நிலவரம், தவணைத் தேதி மாதிரியான கேள்விகளில் அதன் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது.

‘சரி, கனிவாகப் பேச மனிதனால்தானே முடியும்’ என்பீர்கள். அதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2023-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இணையத்தில் பொதுமக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு டாக்டர்கள் எழுதிய பதில்களையும் சாட்ஜிபிடி எழுதிய பதில்களையும், எது யாருடையது என்று சொல்லாமல், மருத்துவத் துறையினரிடமே கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். சாட்ஜிபிடி பதில்களில் சுமார் 45 சதவீதம் பரிவானவை என்று மதிப்பெண் வாங்கின. டாக்டர்களின் பதில்களில் 5 சதவீதம்கூட வாங்கவில்லை. டாக்டர்கள் சுருக்கமாக எழுதியிருந்தார்கள், மெஷின் நீளமாக எழுதியிருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எப்படியானாலும், கனிவான வாக்கியம் எழுதத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இனி காலம் தள்ள முடியாது.

அப்படியானால் நமக்கு எது மிச்சம்? கனடாவில் ஒரு பயணி, பாட்டி இறந்த சமயத்தில், ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட்டிடம் துக்கப் பயணச் சலுகையைப் பற்றிக் கேட்டார். டிக்கெட் வாங்கிய பிறகு 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது அது. கம்பெனியின் விதி அப்படி இல்லை. பணம் மறுக்கப்பட்டதும் அவர் வழக்குப் போட்டார். சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற மாதிரி கம்பெனி தரப்பு வாதிட்டுப் பார்த்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. அந்தச் சாட்பாட் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதாக யாரும் குற்றம் சொல்லவில்லை. அது சொன்ன வார்த்தைக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. வாடிக்கையாளர் சொல்லாமல் விட்டதைக் காதில் வாங்குவது, விதிகளுக்கு நடுவே அவருக்கு ஒரு வழி கண்டுபிடிப்பது, ‘இதை நான் முடித்துத் தருகிறேன்’ என்று சொல்லி முடித்தும் தருவது. உங்கள் சம்பளம் இனிமேல் இதற்குத்தான். கிளார்னாவின் தலைவரும் 2025-ல், வேண்டுகிறவர்களுக்குப் பேச ஒரு மனிதர் எப்போதும் இருக்க வேண்டும் என்று சொல்லி மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார்.

படி 1: உங்கள் கம்பெனியின் சாட்பாட்டோடு நீங்களே சண்டை போட்டுப் பாருங்கள்

ட்ரெயினிங் நாட்களில் ப்ராடக்ட் நாலெட்ஜ் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அதோடு இதையும் செய்யுங்கள்: ஒரு வாடிக்கையாளராக உட்கார்ந்து உங்கள் சாட்பாட்டிடம் கேள்வி கேளுங்கள். ஒரே வரியில் இரண்டு பிரச்சினையைச் சொல்லுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். மெனுவில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். கோபமாக ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லுங்கள். அது எங்கெங்கே வழுக்குகிறது, எங்கே ஒரே பதிலையே திரும்பச் சொல்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். உங்களுக்கு வரப்போகும் கால்களின் பட்டியல் அதுதான். கால் எடுக்கும்போதே அந்த ஆள் எதைத் தாண்டி வந்திருக்கிறார் என்று தெரிந்திருந்தால், அவர் முதல் வாக்கியத்திலேயே கத்தினாலும் உங்களுக்கு உறைக்காது.

படி 2: டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, படித்த பிறகு வாயைத் திறங்கள்

எஸ்கலேஷனில், அதாவது சாட்பாட்டால் முடியாமல் உங்களிடம் மாற்றப்பட்டு, வருகிறவருக்கு எரிச்சல் மூட்டும் வாக்கியம் ‘சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?’ என்பது. அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். இப்போது பெரும்பாலான டூல்களில் முந்தைய சாட்டின் சுருக்கத்தை ஏ.ஐ. தானாகவே எழுதிக் கொடுக்கிறது. அது நல்ல வசதி. படியுங்கள். அதோடு நிறுத்தாமல், வாடிக்கையாளர் கடைசியாக எழுதிய நான்கைந்து வரிகளை அவர் எழுதியபடியே ஒருமுறை பாருங்கள். ‘வாடிக்கையாளர் டெலிவரி தாமதம் குறித்துப் புகார் செய்தார்’ என்று சுருக்கம் சொல்லும். அவர் எழுதியதோ ‘வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குப் பிறந்தநாள், அதற்கு அப்புறம் வந்து என்ன பிரயோஜனம்’ என்று இருக்கும். சுருக்கத்தில் காணாமல் போன அந்த வெள்ளிக்கிழமையை வைத்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்: பக்கத்து கிடங்கில் ஸ்டாக் இருக்கிறதா, முடியாது என்றால் இப்போதே பணத்தைத் திருப்பிவிட்டால் அவர் கடையில் வாங்கிக்கொள்வாரா. ‘வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னு சொல்லியிருந்தீங்க’ என்று பேச்சைத் தொடங்கிப் பாருங்கள். குரல் உடனே இறங்கும்.

படி 3: ஸ்கிரிப்ட் முட்டும் இடத்தில் நின்று கேளுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். இந்த மாதிரி ஒரு கால் உங்களுக்கு என்றைக்காவது நிச்சயம் வரும். ஒரு அம்மா பேசுகிறார். பிராட்பேண்ட் கனெக்‌ஷனை நிறுத்த வேண்டும். வெரிஃபிகேஷனுக்காக, பதிவான மொபைல் நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்புகிறீர்கள்.

‘அந்த நம்பர் இப்ப இல்லப்பா.’

‘வேற நம்பர் அப்டேட் பண்ணணும்னாலும் பழைய நம்பருக்குத்தான் மேடம் ஓ.டி.பி. வரும்.’

‘அது அவர் நம்பர். அதை யாரும் ரீசார்ஜ் பண்ணல.’

‘அப்போ கனெக்‌ஷன் ஓனரைப் பேசச் சொல்லுங்க மேடம்.’

கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தம் இல்லை.

ஸ்கிரிப்ட்படி இதில் ஒரு தப்பும் இல்லை. க்யூ.ஏ. என்கிற தரச் சோதனையில் முழு மதிப்பெண்கூடக் கிடைக்கலாம். ஆனால் அவர் இரண்டாவது பதில் சொல்லும்போதே விஷயம் வெளியே வந்துவிட்டது. கணவரின் போனை ரீசார்ஜ் செய்ய இனி அவசியம் இல்லாமல் போயிருக்கிறது. அந்த இடத்தில் ஓ.டி.பி.யை விட்டுவிட வேண்டும். ஊகித்ததை நேராகச் சொல்லவும் கூடாது, தவறாக இருந்தால் பெரிய சங்கடம். ‘அம்மா, கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு? அவர் இப்ப பேச முடியாத நிலைமைன்னா சொல்லுங்க, அதுக்கு வேற வழி இருக்கு’ என்று ஒரு கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் சொல்வதற்கு நேரம் கொடுங்கள். இடைவெளி விழுந்தால் டெட் ஏர் என்று மார்க் குறையுமே என்ற பயத்தில் பேசி நிரப்பாதீர்கள்.

அவர் சொன்ன பிறகு, நீங்கள் வருத்தம் தெரிவிக்கும் வாக்கியம் ஒன்று போதும். அடுத்தது காரியம். கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால் என்ன நடைமுறை என்பது உங்கள் நாலெட்ஜ் பேஸில், அதாவது கம்பெனியின் விதிகளும் நடைமுறைகளும் உள்ள தகவல் தொகுப்பில், ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். இறப்புச் சான்றிதழ், கேட்கிறவரின் அடையாள ஆவணம், சில இடங்களில் வாரிசுச் சான்றிதழ் என்று கேட்பார்கள். இதைத் தேடுவதற்கு ஏ.ஐ. தேடல் அருமையாக உதவும், பயன்படுத்துங்கள். கிடைத்ததும் என்னென்ன ஆவணம், எங்கே அனுப்புவது, அதுவரை பில் ஓடுமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பில் ஓடும் என்றால், கோரிக்கை வந்த தேதியிலிருந்து கட்டணத்தை நிறுத்தச் சொல்லி டி.எல்.லிடம் (டீம் லீடரிடம்) நீங்களே கேளுங்கள், அந்த அம்மாவைக் கேட்க வைக்காதீர்கள். முக்கியமாக, கணக்கில் ஒரு நோட் போட்டுவையுங்கள்: ‘கணக்கு வைத்திருந்தவர் காலமானார். மனைவியிடம் ஓ.டி.பி. கேட்க வேண்டாம். ஆவணம் மின்னஞ்சலில் வரும்.’ அவர் மறுபடி கூப்பிட்டால் எடுக்கிறவர் வேறு ஒருவர். முதலிலிருந்து அதையே அவர் இன்னொரு தடவை சொல்லும்படி வைக்கக் கூடாது. அடுத்த மாதம் ‘அன்பான வாடிக்கையாளரே, உங்களுக்கு ஒரு சிறப்புச் சலுகை’ என்று அவர் கணவர் பெயருக்கு மெயில் போகாமல் இருக்க மார்க்கெட்டிங் பட்டியலிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். இதை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். எந்த ஃபார்மிலும் இதற்குக் கட்டம் இருக்காது.

படி 4: டூல் கொடுக்கும் பதிலை அப்படியே அனுப்பாதீர்கள்

சாட் ப்ராசஸில் நீங்கள் டைப் செய்யும்போதே ஓரத்தில் பதில்கள் எட்டிப் பார்க்கும். புதியவர்களுக்கு இவை உண்மையிலேயே உதவுகின்றன. எரிக் பிரின்யால்ஃப்சன், டேனியல் லீ, லின்ட்ஸி ரேமண்ட் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 5,000-க்கும் மேற்பட்ட சப்போர்ட் ஊழியர்களின் வேலையை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட டூல் வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த பிரச்சினைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கு 34 சதவீதம். அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றம் இல்லை. காரணத்தைக் கவனியுங்கள்: அந்த டூல் கற்றுக்கொண்டதே அந்த மாதிரி திறமைசாலிகள் வாடிக்கையாளர்களோடு பேசிய பேச்சிலிருந்துதான். ஆக, ஓரத்தில் எட்டிப் பார்ப்பது உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் சாமர்த்தியம். அதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஏன் இந்த வரியை இந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று யோசியுங்கள்.

அனுப்பும் முன்பு இரண்டு விஷயம் பாருங்கள். அதில் உள்ள தகவல், அதாவது தொகை, தேதி, விதி, எல்லாம் சரியா என்று நாலெட்ஜ் பேஸில் சரிபார்க்க வேண்டும். ஏர் கனடா கதை நினைவிருக்கட்டும். அடுத்து, ‘ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று இருந்தால் எந்தச் சிரமம் என்று எழுதுங்கள். ‘ஏ.சி. ரிப்பேருக்கு இரண்டு நாள் லீவு போட்டுக் காத்திருந்தும் ஆள் வரவில்லை, அது எங்கள் தவறு. நாளைக் காலை 10 மணிக்குள் டெக்னீஷியன் உங்களுக்கு போன் செய்வார். 11 மணிக்கு அவர் பேசினாரா என்று நான் பார்ப்பேன்.’ இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. 11 மணிக்கு நீங்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்க முடியாது என்றால் எழுதாதீர்கள்.

படி 5: ஐடியாவை முதலில் நீங்கள் யோசியுங்கள், அப்புறம் மெஷினைக் கேளுங்கள்

படைப்பாற்றல் என்றதும் டிசைனர்கள், காப்பிரைட்டர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடுகிறார்கள். சப்போர்ட்டில் அது தினமும் வேண்டியிருக்கிறது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: திருப்பித் தரும் பொருளை வீட்டுக்கே வந்து எடுக்கும் ரிட்டர்ன் பிக்கப் கேஸ்கள் சில ஊர்களில் மட்டும் தொடர்ந்து தோற்கின்றன. சிஸ்டத்தில் காரணம் ‘வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை’ என்று பதிவாகிறது. மூன்று முறை முயன்றால் கேஸ் தானாக மூடிக்கொள்ளும். டேஷ்போர்டு பார்க்கிறவருக்கு அந்த ஊர்க்காரர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்றுதான் தோன்றும். ஆனால் நீங்கள் அவர்களோடு பேசுகிறீர்கள். பகல் முழுக்க அவர்கள் நூறு நாள் வேலையிலோ மில்லிலோ இருக்கிறார்கள், போன் வீட்டில் இருக்கிறது, பிக்கப் ஆள் வருவதோ மதியம் 12 மணிக்கு. அந்த ஊர்களுக்கு மாலை 6 மணிக்கு மேல் பிக்கப் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுவது, அந்த வாழ்க்கையை அறிந்த ஒருவருக்குத்தான். டேட்டாவில் இருப்பது போன் எடுக்கவில்லை என்பது மட்டும்.

இதில் மெஷினை எப்போது சேர்த்துக்கொள்வது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. 2024-ல் சயின்ஸ் அட்வான்ஸஸ் இதழில் அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் இருவரும் எழுதிய ஆய்வில், ஏ.ஐ. கொடுத்த யோசனையை வைத்துச் சிறுகதை எழுதியவர்களின் கதைகள் தனித்தனியாகப் பார்த்தால் நன்றாக இருந்தன, எழுத்தில் அவ்வளவு கைதேராதவர்களுக்கு அதிகம் உதவியது. ஆனால் மொத்தமாக அடுக்கிப் பார்த்தால் கதைகள் ஒன்றுபோல் ஒன்று இருந்தன. டீமில் இருபது பேரும் ஒரே டூலிடம் ‘ரிட்டர்ன் பிரச்சினைக்குத் தீர்வு சொல்’ என்று கேட்டால் இருபது பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே தீர்வு வரும். அதனால் முதலில் நீங்கள் பார்த்ததை உங்கள் நடையில் ஐந்து வரி எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு ஏ.ஐ.யிடம் கொடுத்து, ‘இதில் என்ன ஓட்டை இருக்கிறது, மேனேஜர் என்ன கேள்வி கேட்பார்’ என்று கேளுங்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

படி 6: சில விஷயங்களைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்

வாடிக்கையாளரின் பெயர், ஆதார், கணக்கு எண், மருத்துவ விவரம் எதையும் கம்பெனி அனுமதிக்காத வெளி ஏ.ஐ. டூலில் ஒட்டாதீர்கள், மெயிலைத் திருத்துவதற்காகக்கூட. கம்பெனி விதி மட்டுமல்ல, தனிநபர் டிஜிட்டல் தரவைப் பாதுகாக்க 2023-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது.

பேச்சின் நடுவே யாராவது உயிரை விட்டுவிடுவேன் என்கிற மாதிரி சொன்னால், கடன் வசூல், இன்ஷூரன்ஸ் ப்ராசஸ்களில் இது நடக்கும், ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்துங்கள். தொகையைப் பற்றிப் பேசாதீர்கள். லைனில் வைத்தபடியே சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

படி 7: உங்கள் மனசும் ஒரு கருவிதான், அதைக் கவனியுங்கள்

சுலபமான கால்கள் போய்விட்டதால் வந்த கஷ்டம் இது. முன்பு ஒரு அழுகைக் காலுக்குப் பிறகு ஐந்து பில் கேள்விகள் வரும், அதில் ஆசுவாசம் கிடைக்கும். இப்போது அழுகைக்குப் பின்னால் கோபம், கோபத்துக்குப் பின்னால் இன்னொரு அழுகை. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-லேயே விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காக முகத்தையும் உணர்ச்சியையும் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பதும் உழைப்புதான் என்று எழுதினார். கை வேலை செய்து கை வலித்தால் ஓய்வு கேட்கிறோம். இதற்கும் கேளுங்கள். கனமான கால் முடிந்ததும் ஆக்ஸில், அதாவது புதுக் கால் வராத இடைவேளை நிலையில், போய் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள், டி.எல்.லிடம் சொல்லிவிட்டே போங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். எல்லா வாடிக்கையாளரின் துக்கத்தையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. அவருடைய வேலையை முடித்துக் கொடுத்தால் போதும். கெட்ட வார்த்தையில் திட்டுகிறவருக்கு எச்சரிக்கை கொடுத்து இணைப்பைத் துண்டிக்க உங்கள் ப்ராசஸில் என்ன விதி இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பயன்படுத்தக் கூச்சப்படாதீர்கள்.

படி 8: ஏ.ஹெச்.டி. கூடினால் என்ன பதில் சொல்வது

மேலே சொன்னபடி வேலை செய்தால் உங்கள் ஏ.ஹெச்.டி., அதாவது ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம், கூடும். ரிவ்யூவில் கேட்பார்கள். இது நியாயமில்லாத அளவுகோல் என்று நான் நினைக்கிறேன். சுலபமான கால்களை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள கஷ்டமான கால்களுக்குப் பழைய நிமிடக் கணக்கையே வைப்பது எப்படிச் சரியாகும்? ஆனால் நான் நினைப்பதால் டார்கெட் மாறாது. ஆதாரத்தோடு பேசினால் சில இடங்களில் மாறும்.

நீளமான ஒவ்வொரு காலுக்கும் டிக்கெட் எண்ணையும், ஏன் நேரம் எடுத்தது என்று ஒரு வரியையும் குறித்துவையுங்கள். வாடிக்கையாளர் விவரம் வேண்டாம். மாதக் கடைசியில் அந்த வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அதே பிரச்சினைக்காக மறுபடி கூப்பிட்டார்கள் என்று டி.எல்.லிடமோ ஷிப்டும் கால் கணக்கும் பார்க்கும் டபிள்யூ.எஃப்.எம். டீமிடமோ கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்து மூன்று தடவை திரும்ப வந்த காலையும், பதினைந்து நிமிடத்தில் முடித்துத் திரும்ப வராத காலையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் எந்த மேனேஜருக்கும் கணக்குப் புரியும். அதே தாளில், படி 5-ல் எழுதிய யோசனை ஒன்றையும், அது நடந்தால் எந்த வகைக் கால்கள் குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டு போங்கள். முதல் மாதம் ஒன்றும் நடக்காமல் போகலாம். அடுத்த மாதத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.